வாசகர் கேள்வி: வீட்டுக்குக் கிட்டவா, புள்ளி விடும் தூரமா?

கேள்வி: நான் புதுக்குடியிருப்புப் பக்கம். வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதினேன், நல்ல இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்கான புள்ளி) வந்திருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்தின் போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்தால் ஸ்ரீ ஜயவர்தனபுரவே கிடைக்கலாம் என்கிறார் சேர். அப்பா 2009 இல் இறந்துவிட்டார். அம்மா கச்சான் தோட்டத்துக் கூலிக்குப் போகிறா. அவவின் காலில் இன்னும் செல் துண்டு இருக்கிறது. தம்பி சாதாரண தரம் படிக்கிறான். கிழமைக் கடன் ஒன்றும் ஓடுகிறது. "வவுனியாவை முதலாவதாகப் போடு, வந்து போகலாம்" என்கிறா அம்மா. "கம்பஸ் எல்லாம் எங்களுக்கு ஏன், கார்மென்ட்ஸுக்குப் போ" என்கிறார் மாமா. எனக்குக் கணக்கியல் படிக்கத்தான் விருப்பம். என்ன செய்வது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் வீட்டில் இரண்டு கவலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று காசு. மற்றது அம்மாவின் கால். முதலில் இவற்றைப் பிரித்து வையுங்கள். காசுக் கவலைக்குக் கணக்குப் போட்டு வழி தேடலாம். அம்மாவைத் தனியே விடலாமா என்பதை நீங்களும் அம்மாவும் தம்பியும் இருந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். எங்களுக்கு வரும் கடிதங்களில் பலர் இரண்டாவது கவலையை வாய்விட்டுச் சொல்லாமல் "காசில்லை" என்றே எழுதுகிறார்கள். பிறகு காசுக்கு வழி பிறந்தாலும் மனம் ஆறுவதில்லை.

அடுத்தது, விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கு எப்படி வேலை செய்கிறது என்பது. இங்கேதான் எங்கள் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள். நீங்கள் எழுதிய ஒழுங்கில் மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் புள்ளி போதுமான முதல் இடத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்களுக்குத் தருகிறது. அதற்குக் கீழே எழுதியவற்றை அதன் பிறகு பார்ப்பதில்லை. ஆகவே வவுனியாவை முதலாவதாகப் போட்டு அது கிடைத்துவிட்டால், ஜயவர்தனபுரவுக்குப் புள்ளி இருந்தாலும் அது போய்விடும். மறுபுறம், ஜயவர்தனபுரவை மேலே போடுவதால் வவுனியா கிடைக்கும் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. "பாதுகாப்புக்காக" கிட்டவுள்ளதை மேலே போடுவதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கிடைத்தாலும் போகமாட்டேன் என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தைப் பட்டியலில் எழுதவே வேண்டாம்.

உங்கள் பிரிவில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக ஒதுக்கப்பட்டது. முல்லைத்தீவு அந்தப் பதினாறில் ஒன்று. இடம்பெயர்ந்து, எரிந்துபோன பள்ளிக்கூடங்களில் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு இந்த ஒதுக்கீடு உரிமை. கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

இனிக் காசு. கம்பஸ் செலவு நான்கு வருடமும் ஒரே மாதிரி அழுத்தாது. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தங்குவது, சாப்பாடு, பயணம், மடிகணினி, இவைதான் செலவு. இதில் உடைக்கிற காலம் முதல் ஆறு தொடக்கம் எட்டு மாதம். மகாபொல என்ற புலமைப்பரிசில் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைக்குக்கூட முதல் தவணை கையில் வர மாதக்கணக்கில் சுணங்கும். பிறகு நிலுவையோடு சேர்ந்து வரும். முதல் வருடத்தில் வகுப்பைக் கைவிடும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் காலன்.

2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. கல்வியாண்டுக்குப் பத்துத் தவணைதான் தருவார்கள். அந்தத் தொகைப்படி வருடத்துக்கு 75,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 6,250. இப்போதைய தொகையைக் கேட்டறிந்து, உங்கள் கணக்கில் இப்படிப் பிரித்து வரும் தொகையையே எழுதுங்கள், தவணைத் தொகையை எழுதாதீர்கள். மகாபொல தவறினால் பல்கலைக்கழகம் வழங்கும் பர்சரி என்ற உதவித்தொகை இருக்கிறது, தொகை சற்றுக் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது.

ஒரு கொப்பித் தாளை எடுத்து மூன்று நிரல் போடுங்கள்: நுகேகொடை (ஜயவர்தனபுர பல்கலைக்கழகம் அங்கேதான்), யாழ்ப்பாணம், வவுனியா. ஒவ்வொன்றின் கீழும் விடுதி அல்லது அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு, தொலைபேசி டேட்டா, பிரதி எடுக்கும் செலவு என்று மாதக் கணக்கு எழுதுங்கள். தொகைகளை ஊகிக்க வேண்டாம். அங்கே இப்போது படிக்கும் உங்கள் பள்ளிக்கூடத்து அக்காமாரிடம் கேளுங்கள். எடுத்துக்காட்டுக்கு, நுகேகொடையில் மாதம் 20,000 வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்கு 120,000. வவுனியாவில் 12,000 என்றால் 72,000. இப்போது உங்கள் முன்னால் நிற்கும் பிரச்சினை இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள 48,000 ரூபாதான். நான்கு வருடப் பாரத்தை மனதில் போட்டுக் குழம்புவதைவிட இந்த 48,000 ஐப் பற்றி யோசிப்பது இலகு.

இதை மாற்றக்கூடிய பெரிய விஷயம் விடுதி. முதல் வருட மாணவிகளுக்கும் தூர இடத்தவர்களுக்கும் பெரும்பாலும் முன்னுரிமை உண்டு. வாடகை வெளியறையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பதிவின்போதே விண்ணப்பியுங்கள். பிறகு பார்ப்போம் என்றிருந்தால் இடம் முடிந்துவிடும்.

கடன் பற்றி எங்கள் சொல்லைக் கேளுங்கள்: கம்பஸ் செலவுக்கு இன்னொரு கிழமைக் கடன் எடுக்கவே கூடாது. அது ஒவ்வொரு கிழமையும் வாசலில் வந்து நிற்கும். மகாபொலவோ மாதங்கள் சுணங்கி வரும். அம்மாவுக்கோ கச்சான் பிடுங்கும் காலத்திலும் காலபோக அறுவடையிலும்தான் கூலி ஒழுங்காகக் கிடைக்கும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடனோ, வங்கியில் நகை அடகோ ஆயிரம் மடங்கு மேல்.

மாமா சொல்வதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்கும் வரை பல மாதம் சும்மா போகும். அந்தக் காலத்தில் கார்மென்ட்ஸிலோ கடையிலோ வேலை செய்து, சம்பளத்தில் ஒரு பங்கை உங்கள் பெயரிலுள்ள கணக்கில் போட்டு வையுங்கள். அந்த ஆறு மாதக் காசு இங்கிருந்தே வரும். ஆனால் வேலைக்குச் சேரும் நாளிலேயே, பதிவுக் கடிதம் வந்ததும் நிற்பேன் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். சம்பளம் வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் பிறகு நிற்பது கடினம். மாலையில் ஆங்கிலமும் படியுங்கள். முகாமைத்துவப் பாடநெறிகள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். கொழும்போ வவுனியாவோ, முதல் அரையாண்டில் எங்கள் பிள்ளைகள் தடுமாறுவது கணக்கில் இல்லை, மொழியில்தான்.

இடங்களைப் பற்றி. ஜயவர்தனபுரவிலும் யாழ்ப்பாணத்திலும் கணக்கியலுக்குத் தனித் துறை உண்டு. வவுனியா 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. பம்பைமடுவிலுள்ள அதன் வணிகக் கற்கைகள் பீடத்திலும் நிதி, கணக்கியல் படிக்கலாம். ஆனால் செயற்றிட்ட முகாமைத்துவம் போன்ற வேறு பாடநெறிகளும் அங்கே உள்ளன. விண்ணப்பத்தில் பாடநெறிக் குறியீட்டைப் பார்க்காமல் "வவுனியா" என்று மட்டும் நினைத்து நிரப்பினால் வேறு பட்டம் வந்து நிற்கும். கொழும்புப் பக்கம் போவதன் உண்மையான இலாபம் பெயரில் இல்லை. கணக்காய்வு நிறுவனங்கள் கிட்டவிருப்பதால் பயிற்சிக்கு இடம் தேடுவது அங்கே இலகு.

ஆகவே எங்கள் எண்ணம் இது. அம்மாவுக்கு வைத்தியசாலைக்குப் போகவும் தண்ணீர் அள்ளவும் தம்பி அல்லது அயலவர் துணை இருக்குமென்றால், ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம், வவுனியா என்று போடுங்கள். ஒவ்வொரு வெள்ளியும் நீங்கள் வீட்டில் நிற்க வேண்டிய நிலையென்றால் யாழ்ப்பாணத்தையும் வவுனியாவையும் மேலே போடுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை. எதிலும் புள்ளி போதாமல் போகக்கூடும் என்ற பயம் இருந்தால், உயர் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் நான்கு வருடக் கணக்கியல் டிப்ளோமாவுக்கும், வர்த்தமானி வரும்போது ஆசிரியர் பயிற்சி தரும் தேசிய கல்வியியற் கல்லூரிக்கும் தனித்தனியே விண்ணப்பித்து வையுங்கள்.

பத்திரங்களை இந்தக் கிழமையே தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தர அனுமதி அட்டை மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பெயர்வில் தொலைந்து பிந்திப் பதிந்த சான்றிதழ்களில் ஓர் எழுத்து மாறியிருப்பது வழமை. திருத்துவதற்கு மாதங்கள் எடுக்கும். அப்பாவின் மரணச் சான்றிதழில் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். வருமானச் சான்றை கிராம அலுவலரிடம் எடுத்து பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அம்மாவின் கூலியைக் கூட்டியோ குறைத்தோ எழுதாதீர்கள். அரச நலன்புரி உதவியான அஸ்வெசுமவின் பதிவோடு முரண்பட்டால் உதவித்தொகை சிக்கிவிடும். விண்ணப்பத்தை கொம்யூனிகேஷன் கடையில் நிரப்பினாலும் மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் உங்களுடையதாகவே இருக்கட்டும். தெரிவு அறிவித்தல் கடைக்காரரின் மின்னஞ்சலுக்குப் போய், பதிவுத் திகதி கடந்த பிறகு பிள்ளைக்குத் தெரியவருவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. கடவுச்சொல்லை கொப்பியில் எழுதி அம்மாவின் பத்திரக் கோப்போடு வையுங்கள்.