ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எந்தப் பள்ளி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது நிறைகிறது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதி செய்தார். ஒரு சில சொற்களே பேசுவான். ஆனால் எண்களும் எழுத்துகளும் நன்றாகத் தெரியும். யு.கே.ஜி. வரை வைத்திருந்த தனியார் பள்ளி, ஒன்றாம் வகுப்புக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டது. சிறப்புப் பள்ளியில் சேர்த்தால் இருக்கும் பேச்சும் போய்விடும் என்கிறார் என் மாமியார். சாதாரணப் பள்ளியில் மற்ற பிள்ளைகளிடம் அடி வாங்குவானோ என்று எனக்குப் பயம். எதைத் தேர்ந்தெடுப்பது?
ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, பள்ளி சொன்னதை எழுத்தில் தரும்படி முதலில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒரு குழந்தையை மறுக்க அச்சட்டம் இடமளிக்கவில்லை. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ பெற்றோர் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையும் உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனையில் அந்தச் சான்றிதழை இன்னும் வாங்கவில்லை என்றால் உடனே வாங்கிவிடுங்கள். பின்னால் எல்லாச் சலுகைகளுக்கும் அதையே கேட்பார்கள்.

ஆனால் உரிமை இருக்கிறது என்பதும் அந்தப் பள்ளி உங்கள் மகனுக்குப் பொருந்தும் என்பதும் ஒன்றல்ல. வேண்டா வெறுப்பாகச் சேர்த்துக்கொண்ட பள்ளிகளில், கடைசி பெஞ்சில் ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்து நாள் முழுவதும் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வருகைப் பதிவேட்டில் மட்டுமே மாணவர்கள். ஆகவே பெயர்ப்பலகையில் சிறப்புப் பள்ளி என்றிருக்கிறதா, மெட்ரிகுலேஷன் என்றிருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள்.

வகுப்பு நடக்கும் நேரத்தில், முடிந்தால் மதிய உணவு இடைவேளை வரை, அங்கே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மணியோசையும் பிள்ளைகளின் கூச்சலும் தாங்காமல் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டால் ஆசிரியர் என்ன செய்கிறார், அதட்டுகிறாரா, அமைதியான இடத்துக்கு அழைத்துப் போகிறாரா என்று கவனியுங்கள். பேசாத பிள்ளை தண்ணீர் வேண்டும் என்பதை எப்படித் தெரிவிக்கிறது, கழிவறைக்கு யார் உடன் போகிறார்கள் என்றும் பாருங்கள். உங்கள் மகனைப் பற்றிக் கேட்கும்போது, அவனால் என்ன முடியாது என்று மட்டும் கேட்கிறார்களா, அவனுக்கு என்ன பிடிக்கும் என்றும் கேட்கிறார்களா என்பது எனக்கு மிக முக்கியமான அடையாளம். சிறப்புப் பள்ளியானால், ஆசிரியர்கள் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவர்களா என்றும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதி அதைப் பெற்றோரோடு உட்கார்ந்து அவ்வப்போது திருத்துகிறார்களா என்றும் விசாரியுங்கள். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்னும் இடத்தையும், ஆறு மாதத்தில் குணப்படுத்திவிடுவோம் என்னும் இடத்தையும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் மாமியாரின் கவலை புரிகிறது. ஆனால் பேச்சு வளர்வது, குழந்தையின் சிறு முயற்சிக்கும் யாராவது பதில் தரும் இடத்தில்தான். படஅட்டைகளைக் காட்டித் தன் தேவையைச் சொல்ல அவனை அனுமதிக்கும் பள்ளியாகப் பாருங்கள். படங்களைப் பயன்படுத்தினால் பேச மாட்டான் என்ற பயம் வேண்டாம்.

அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல இடங்களில் வகுப்பில் பிள்ளைகள் குறைவு. இவனுக்கு அது பெரிய வசதி. அரசுப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் ஒருவரே பல பள்ளிகளைக் கவனிப்பதால், வாரத்தில் எத்தனை நாள் வருவார் என்பதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகள் சிறப்புப் பள்ளியில் இருந்துவிட்டுப் பிறகு பொதுப் பள்ளிக்கு வந்தாலும் தவறில்லை. இப்போது எடுக்கும் முடிவு இந்தக் கல்வியாண்டுக்கானது மட்டுமே.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அவளால் எழுத முடியாது என்கிறார்கள். பள்ளியை விட்டு நிறுத்திவிடலாமா?
ஒரு தந்தை, தாம்பரம்

பதில்: நிறுத்தாதீர்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் பொதுத்தேர்வில் இருக்கின்றன. மருத்துவச் சான்றிதழோடு ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசத் தொடங்குங்கள். அதுவும் சுமையானால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்கள் தேறினால் போதும். அவற்றில் ஒரு மொழி போதும். எல்லாவற்றையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை. ஆனால் அங்கே தினசரி வகுப்பு கிடையாது. அதில் சேர்த்துவிட்டு மகளை வீட்டோடு இருத்திவிடாமல், மற்ற பிள்ளைகளோடு அவள் அன்றாடம் போய்ப் படிக்கும் ஓர் இடத்தை முதலில் உறுதி செய்துகொண்டு பதிவு செய்யுங்கள். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்.