சீசன் முடிந்த பிறகு மலைக்குப் போகலாமா?

கேள்வி: மலையடிவாரத்துச் சின்ன நகரம் ஒன்றுக்குக் குடிவந்திருக்கிறேன். கோடை முழுக்க வேலையிலேயே போய்விட்டது. இப்போது இலையுதிர் காலம், 'இனி அடுத்த வருஷம்தான்' என்கிறார்கள். நிஜமாகவே மலையேற முடியாதா?

பதில்: யார் சொன்னது? என்னைக் கேட்டால் வருஷத்தில் இதுதான் நல்ல நேரம். கூட்டம் இல்லை, கொசு இல்லை, வெயிலும் மண்டையைப் பிளக்காது. ஆனால் கோடைக் கணக்கிலேயே கிளம்பினால் இருட்டில் மாட்டிக்கொள்வீர்கள். 45 டிகிரி அட்சரேகைப் பக்கம் இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் பகல் தினமும் ஏறத்தாழ 3 நிமிடம் குறைகிறது, அதாவது போன வாரம் வெளிச்சத்தில் இறங்கி முடித்த அதே பாதையில் இந்த வாரம் கடைசி 10-15 நிமிடம் தடவித்தான் வர வேண்டியிருக்கும் (மீதி காலையில் குறைகிறது). போதாததற்கு, பள்ளத்தாக்கில் சூரியன் மலைமுகட்டுக்குப் பின்னால் போவது நாள்காட்டி சொல்லும் அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே!

நேரத்தைக் கணக்கிட நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன வழி இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் நடையில் 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி. இதில் உட்கார்ந்து டீ குடிப்பது, போட்டோ எடுப்பது எதுவும் சேராது. ஈர இலை மூடிய பாதையில் இறங்கும்போது வேகமாக வந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், இலைக்கு அடியில் கல்லா வேரா என்று தெரியாது, சோப்பு மேல் கால் வைத்த மாதிரி வழுக்கும். அதனால் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, அந்த நேரம் வந்தால் திரும்பிவிட வேண்டும். தலையில் மாட்டும் டார்ச் பையிலேயே கிடக்கட்டும். போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

கேள்வி: ஊரில் 18 டிகிரி இருக்கிறது. டி-சர்ட் போதாதா?

பதில்: ஊரில் போதும். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும், காற்றடித்தால் இன்னும் குளிரும். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்.

கேள்வி: இலை நிறம் மாறுவதைப் பார்க்க ஆசை. போன வாரம் மேலே போனால் பாதி உதிர்ந்துவிட்டது. தவறவிட்டேனா?

பதில்: இல்லை. குளிர் மேலே முதலில் வருவதால் நிறமும் பொதுவாக மேலிருந்துதான் இறங்கி வரும். இப்போது அடிவாரத்துக் காட்டைப் பாருங்கள். மஞ்சள் ஏற்கெனவே இலைக்குள் இருப்பதுதான், பச்சையம் விலகியதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, இந்தப் பருவத்தில் இலை புதிதாக உண்டாக்குவது. பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி விழாத அளவுக்குக் குளிர் என்று சில நாள் தொடர்ந்தால் அது தூக்கலாக இருக்கும். அப்படி ஒரு வாரம் வந்தால் லீவு போட்டுவிடுங்கள்.