டெனிஸ் பைரன் எந்த நாட்டின் தலைமை நீதிபதி?

கேள்வி: நான் சட்டக்கல்லூரி நான்காம் ஆண்டு மாணவி. அயல்நாட்டு நீதிபதி ஒருவரின் வாழ்க்கையையும் தீர்ப்புகளையும் பற்றிக் கருத்தரங்கில் பேச வேண்டும். கரீபியனைச் சேர்ந்த சர் டெனிஸ் பைரனைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு குறிப்பில் அவர் கிரெனடாவின் தலைமை நீதிபதி, இன்னொன்றில் கிழக்குக் கரீபியனின் தலைமை நீதிபதி, மற்றொன்றில் கரீபியன் நீதிமன்றத்தின் தலைவர் என்று இருக்கிறது. எது சரி? பேச்சை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வெவ்வேறு காலங்களில் மூன்றுமே சரிதான். தலைமை நீதிபதி என்றதும் நாம் அவருடைய நாட்டைத் தேடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கிழக்குக் கரீபியனைப் பொறுத்தவரை நீதிமன்றத்தைத் தேடுங்கள். ஆன்டிகுவா-பார்புடா, டொமினிக்கா, கிரெனடா, செயின்ட் கிட்ஸ்-நெவிஸ், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் ஆகிய ஆறு சுதந்திர நாடுகள். அங்குவில்லா, மான்ட்செராட், பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகள் ஆகிய மூன்று பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள். இந்த ஒன்பதுக்கும் சேர்த்து ஒரே உச்ச நீதிமன்றம், ஒரே தலைமை நீதிபதி. 1967-இல் உருவான இதன் தலைமையகம் செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரீஸ் நகரில் இருக்கிறது. மேல்முறையீட்டு அமர்வு தீவு தீவாகப் போய் வழக்குகளைக் கேட்கும்.

அப்படியானால் கிரெனடாவுக்கு மட்டும் தனித் தலைமை நீதிபதி எப்படி? 1979 மார்ச்சில் புரட்சி மூலம் ஆட்சிக்கு வந்த மாரிஸ் பிஷப்பின் அரசு, கூட்டு நீதிமன்றத்திலிருந்து விலகித் தனி நீதிமன்றம் அமைத்துக்கொண்டது. 1991-இல்தான் அந்நாடு மறுபடி சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில், 1986-இல், பைரன் அங்கே பொறுப்புத் தலைமை நீதிபதி. உங்கள் குறிப்புகள் முரண்படுவதற்கு இதுவே காரணம்.

இளமைக்காலத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். 1943-இல் செயின்ட் கிட்ஸின் பாஸ்டெர் நகரில் பிறந்தார். உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தார். 1965-இல் லண்டனின் வழக்கறிஞர் சங்கங்களுள் ஒன்றான இன்னர் டெம்பிளில் வழக்கறிஞரானார். ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் வழக்காடி, 1982-இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

உங்கள் பேச்சின் உயிர் மரண தண்டனை பற்றிய பகுதிதான். முழு நேரத்தையும் அதற்கே கொடுத்தாலும் தவறில்லை.

1983 அக்டோபர் 19 அன்று பிஷப்பும் அவருடன் இருந்தவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கை விசாரித்தவர் பைரன். 1986 டிசம்பரில் 14 பேருக்கு மரண தண்டனை விதித்தார். கொலை நிரூபணமானால் வேறு தண்டனை தர அன்றைய சட்டத்தில் நீதிபதிக்கு இடமே இல்லை. 1991-இல் அத்தண்டனைகள் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டன.

2001-இல் அதே பைரன், கிழக்குக் கரீபியனின் தலைமை நீதிபதியாக, ஸ்பென்ஸ், ஹியூஸ் என்ற இரு கைதிகளின் மேல்முறையீட்டைக் கேட்டார். குற்றவாளி யார், எந்தச் சூழலில் கொன்றார் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே தூக்கு என்பது மனிதத்தன்மையற்ற தண்டனை, அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பு எழுதினார். இந்நாடுகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டனின் பிரிவி கவுன்சில் 2002-இல் இந்த நிலைப்பாட்டை ஏற்றது. அந்த வழியைப் பின்பற்றியே 2007-இல் பிரிவி கவுன்சில், 1986-இல் கிரெனடாவில் விதிக்கப்பட்ட கட்டாய மரண தண்டனைகளும் செல்லாது என்று சொல்லி, மறுபடி தண்டனை நிர்ணயிக்கும்படி உத்தரவிட்டது. சிறையில் எஞ்சியிருந்தவர்கள் 2009 செப்டம்பரில் வெளியே வந்தார்கள்.

தானே விதித்த தண்டனை, பின்னாளில் தானே வகுத்த நியாயத்தால் விழுந்ததைத் தன் காலத்திலேயே பார்க்கும் நீதிபதிகள் மிகச் சிலரே. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: ‘அவர் மனம் மாறினார்’ என்று பேசிவிடாதீர்கள். 1986-இல் அவர் விசாரணை நீதிபதி, 2001-இல் சாசனத்தைப் பொருள் கொள்ளும் மேல்முறையீட்டு நீதிபதி. இரண்டு இருக்கைகளின் கடமையும் வேறு. இதே கேள்வி நம் நாட்டிலும் எழுந்தது: ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயத் தூக்கு என்ற இந்திய தண்டனைச் சட்டம் 303-ஆம் பிரிவை, மித்து வழக்கில் 1983-இலேயே நம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். கேள்வி நேரத்தில் கைகொடுக்கும்.

பிறகு 2004-இல் ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்துக்கு, டான்சானியாவின் அருஷா நகருக்குப் போனார். 2007 முதல் 2011 வரை அதன் தலைவர். 2011 முதல் 2018 வரை டிரினிடாடில் உள்ள கரீபியன் நீதிமன்றத்தின் தலைவர். இங்கே ஷனிக் மைரி வழக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்படாஸ் விமான நிலையத்தில் அவமானகரமான உடல்சோதனைக்கு ஆளாகித் திருப்பி அனுப்பப்பட்ட ஜமைக்கா பெண் அவர். 2013-இல் பைரன் தலைமையிலான அமர்வு, கரீபியன் சமூகம் (காரிகாம்) என்ற கூட்டமைப்பின் உறுப்பு நாடுகளின் குடிமக்களுக்கு ஒருவர் நாட்டுக்குள் மற்றவர் நுழையும் உரிமை உண்டு என்று சொல்லி அவருக்கு இழப்பீடு வழங்கியது.

‘கரீபியன் முழுமைக்கும் தலைமை நீதிபதி’ என்ற சொற்றொடர் உங்கள் பேச்சில் வேண்டாம். பார்படாஸ், கயானா போன்ற சில நாடுகளே கரீபியன் நீதிமன்றத்தை இறுதி மேல்முறையீட்டுக்கு ஏற்றிருக்கின்றன. பைரன் பிறந்த செயின்ட் கிட்ஸின் வழக்குகள் இன்றும் லண்டனுக்கே போகின்றன.