செவென் மலைகளில் ஓட்டவழி தேர்வது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் லியோனில் வேலை பார்க்கிறேன். ரோன் ஆற்றங்கரையில் வாரம் நான்கு நாள் ஓடுவேன். பன்னிரண்டு கிலோமீட்டர் எனக்குச் சிரமமில்லை. சென்ற கோடையில் தென் பிரான்ஸின் செவென் மலைப்பகுதியில், லோசேர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்தபோது, செயலி காட்டிய 14 கிலோமீட்டர் வழியில் ஓடப்போய், பாதிக்குமேல் நடந்து, தண்ணீரும் தீர்ந்து, கடைசியில் தார்ச்சாலையில் வந்த ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டார். வரும் ஆகஸ்டில் மறுபடியும் அங்கேதான் போகிறோம். அங்கே ஓடுவதற்கான வழிகளை எப்படித் தேர்வது?

க., லியோன்

அன்புள்ள க.,

உங்கள் உடல்தகுதியில் குறையில்லை. ஆற்றங்கரைக்குரிய அளவுகோலை மலைக்கும் வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். பிரான்ஸின் மலையோட்டக்காரர்கள் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் சமதரையில் ஒரு கிலோமீட்டருக்கு ஈடாகக் கூட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில், 700 மீட்டர் ஏற்றமுள்ள 14 கிலோமீட்டர் வழி 21 கிலோமீட்டராகிவிடும். இறக்கம் இந்தக் கணக்கில் சேராவிட்டாலும் உடம்பு அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும்: இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே உடலின் வேகத்தைத் தாங்கிப் பிடிப்பதால், வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். ஆகவே முதல் வாரத்தில் இறக்கம் குறைந்த வழிகளையே எடுங்கள்.

செயலியை விட்டுவிட்டு, பிரெஞ்சு அரசின் புவியியல் நிறுவனம் வெளியிடும் 1:25,000 வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது 250 மீட்டர். மலைப்பகுதிகளில் சமஉயரக் கோடுகள் பெரும்பாலும் 10 மீட்டருக்கு ஒன்றாக வரும். பாதையை வெட்டிச் செல்லும் கோடுகள் ஒரு சென்டிமீட்டருக்குள் ஐந்து இருந்தால் அங்கே சரிவு 20 சதவீதம். அதில் ஓட முயலாமல், கைகளை முழங்கால்மேல் ஊன்றி வேகமாக நடப்பதே நல்லது. போட்டிகளில் ஓடுபவர்களும் அப்படித்தான் ஏறுகிறார்கள்.

இதற்கெல்லாம் மேலாக நான் பார்ப்பது, அந்தப் பாதையை யார், எதற்காக உண்டாக்கினார்கள் என்பதை. செவென் பகுதியில் ஓடுவதற்கென்று எந்தப் பாதையும் வெட்டப்படவில்லை. ஆட்டுமந்தைகள் கோடை தொடங்கும்போது தெற்குச் சமவெளிகளிலிருந்து மேய்ச்சல் உச்சிகளுக்கு வலசை போன தடங்களை அங்கே 'திராய்' என்பார்கள். பள்ளத்தாக்கின் வயல்களையும் படிக்கட்டு நிலங்களையும் மிதிக்காமல் மந்தை போகவேண்டும் என்பதால் அவை மலைமுகட்டைப் பிடித்தே செல்கின்றன. முகட்டுக்கு ஏறும் முதல் அரைமணி நேரம் கொடுமையாக இருக்கும். ஏறிவிட்டால் அகன்ற, நெடுந்தூரம் பார்வை போகும் பாதை, ஆனால் நிழலே கிடையாது. கோவேறு கழுதைகளுக்காக அமைத்த வழிகள் இதற்கு மாறானவை. சுமையோடு ஏறும் விலங்கின் மூச்சைக் கணக்கிட்டு வளைந்து வளைந்து ஏறுவதால், முழுவதும் ஓடியே ஏறக்கூடியவை பெரும்பாலும் இவைதான். ஆனால் இவற்றில் பாவிய கற்கள் பல இடங்களில் செங்குத்தாக நட்டவை. மழை பெய்தால் வழுக்கும்.

இரயிலுக்காக அமைத்த வழி இன்னும் எளிது. ஃப்ளோராக் ஊரிலிருந்து மிமாந்த் ஆற்றோரமாகக் கஸாஞாஸ் ஊரை நோக்கிப் போகும் ஸ்டீவன்சன் பாதை, அதாவது ஜி.ஆர். எனப்படும் பிரெஞ்சு நெடுந்தூர நடைபாதைகளில் 70-ஆம் எண்ணுள்ளது, அங்கே பெரும்பகுதி 1968-இல் மூடப்பட்ட சிறு இரயில் பாதையின் தடத்திலேயே செல்கிறது. இரயில் எஞ்சின் ஏறிய சரிவு உங்கள் காலுக்கும் பொருந்தும் என்பதால், முதல் நாட்களுக்கு இதையே சொல்வேன். வேண்டிய தூரம் போய் அதே வழியில் திரும்பிவிடலாம்.

கால் பழகியபின் மோன் லோசேர் மலைக்குப் போங்கள். லெ ப்ளேமாரிலிருந்து 1,699 மீட்டர் உச்சியைக் கடந்து லெ போன் த மோன்வேரில் இறங்கும் வழி சுமார் 19 கிலோமீட்டர்; 600 மீட்டருக்குமேல் ஏற்றம், 800 மீட்டருக்குமேல் இறக்கம். வடசரிவில் காடு முடிந்து புல்வெளி தொடங்கியதும், ஆளுயரத்தில் நட்ட கருங்கற்கள் வரிசையாக உச்சியை நோக்கிப் போவதைப் பார்ப்பீர்கள். பனியிலும் மூடுபனியிலும் வழி தெரியவேண்டும் என்று நட்டவை அவை. பாசி படிந்த ஒரு கல்லருகே நின்றால் அடுத்த கல் கண்ணில் படும். மூடுபனி நாளில் அது படவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். இந்த மலையைச் சுற்றிய சில சிற்றூர்களில், பனிப்புயலில் சிக்கியவர்களுக்குத் திசை காட்டுவதற்கென்றே கட்டிய மணிக்கூண்டுகள் இன்றும் நிற்கின்றன. பனிக்காலத்தில் அந்த மலை எத்தனை பேரைத் திசை தவற வைத்திருந்தால் இவ்வளவு ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டில் அஞ்சவேண்டியது பிற்பகல் இடி. விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் முகட்டைவிட்டு இறங்கிவிடவேண்டும்.

தண்ணீர் தீர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஓடிய இடம் கோஸ் மெஜான் பீடபூமியாக இருந்தால் அதில் வியப்பில்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே மழைநீர் முழுவதும் கீழே இறங்கிவிடுவதால், ஆயிரம் மீட்டர் உயரத்திலிருக்கும் அந்தப் பரப்பில் ஓடை என்று ஒன்று இல்லை. அந்த நீர் பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளிவருகிறது. அங்கே ஓடும்போது தேவையான தண்ணீர் முழுவதையும் சுமந்தே போகவேண்டும். லோசேரின் கருங்கல் சரிவுகளில் ஓடைகள் நிறைய உண்டு என்றாலும், மேலே மாடுகள் மேய்வதால் அப்படியே குடிக்கக்கூடாது. ஊர்க்குழாயில் குடிக்கத் தகாத நீர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜி.ஆர். பாதைகளின் அடையாளம் மேலே வெள்ளையும் கீழே சிவப்புமாக இரண்டு பட்டைகள். அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் அது தவறான வழி. இறக்கத்தில் வேகமாகப் போகும்போதுதான் திருப்பக் குறிகள் தவறிப்போகின்றன. சிறிது நேரம் பட்டை எதுவும் கண்ணில் படாவிட்டால் கடைசியாகப் பார்த்த இடத்துக்கே திரும்பி ஏறுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இந்தப் பாதைகள் இன்றும் மேய்ப்பவர்களின் தொழிலிடம். மின்வேலிக் கம்பியின் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றி உள்ளே போனால், மறுபடி மாட்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கவேண்டும். மந்தையின் நடுவிலிருந்து பெரிய வெள்ளை நாய் குரைத்தபடி எழுந்து வந்தால் உடனே ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். ஓநாய்கள் 1990-களில் பிரான்ஸுக்குத் திரும்பிவந்தபின் மந்தைக் காவலுக்கு இந்த நாய்கள் பெருகிவிட்டன. ஓடிவரும் எதையும் ஆபத்தாகவே அவை பார்க்கும். கத்தாமல், கோலை ஓங்காமல், நாய் முகர்ந்து பார்க்க விட்டு, மெதுவாக நடந்து மந்தையை வெகுதூரம் சுற்றிப் போங்கள். ஆகஸ்டோடு நிற்காமல் இலையுதிர் காலத்திலும் அங்கே ஓட நினைத்தால் ஆரஞ்சு நிற மேலாடை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். வேட்டை அறிவிப்புப் பலகை வைத்திருக்கும் வழியை அன்றைக்கு விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடலாம்.

அன்புடன்.