காசு கொடுத்தவர் யார்?

கேள்வி: வேட்பாளர் தன் கைக்காசைச் செலவழிக்கிறார், ஆதரவாளர்களும் விரும்பிக் கொடுக்கிறார்கள். எங்கள் வரிப்பணம் அதில் இல்லை. பிறகெதற்கு அவர்களிடம் கணக்குக் கேட்க ஒரு சட்டம்?
- வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: விரும்பிக் கொடுப்பவர்களில் பலர் கைம்மாறு எதையும் எதிர்பார்ப்பதில்லை என்பதை ஏற்கிறேன். சட்டம் தேடுவது மற்றவர்களை. வன்னியில் ஆற்று மணல் அள்ளவும் கிரவல் வெட்டவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது தேவைப்படும் ஒருவர், வேட்பாளரின் கூட்டத்துக்குப் பந்தல், ஒலிபெருக்கி, ஆட்களை ஏற்றிவரும் பஸ், மதியச் சாப்பாட்டுப் பார்சல் என்று எல்லாவற்றுக்கும் காசு கட்டியிருந்தால், வென்றவர் நாளை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் இருந்துகொண்டு யாருக்காகப் பேசுவார்? மணல் அள்ளிய ஆற்றங்கரையில் கிணறு வற்றிப்போன வயற்காரரும் அவருக்கு வாக்களித்தவர்தான். அந்த ஊரில் குடியிருக்கும் உங்களுக்கு, கொடுத்தவர் யாரென்று அறியும் உரிமை இல்லையா?

இது புதிய யோசனையும் அல்ல. இலங்கையில் 1946 ஆம் ஆண்டின் தேர்தல் கட்டளையில் செலவுக் கணக்குக் கொடுக்கும் கடமை இருந்தது. 1981 ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் அது விடுபட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டமே அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அதன்படி 2024 சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வேட்பாளர் தமக்குக் கிடைத்த நன்கொடைகளையும் செய்த செலவையும், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு அரசிடமோ வெளிநாட்டுக் கம்பனியிடமோ, இன்னாரென்று அடையாளம் தெரியாதவரிடமோ வாங்கக் கூடாது. புலம்பெயர்ந்த உறவுகளின் பெயரால் காசு வந்து சேரும் எங்கள் பகுதியில் இந்த விதியை எல்லோரும் அறிந்திருப்பது மிக அவசியம்.

ஒரு பெரிய குறையையும் சொல்ல வேண்டும். கணக்கு வருவது வாக்களித்த பின்னர்தான். யார் காசில் மேடை எழுந்தது என்று தெரியாமலேயே நாம் புள்ளடி போடுகிறோம். இது திருத்தப்படும்வரை, வேட்பாளர் ஊருக்கு வரும்போதே கேளுங்கள். தேர்தல் முடிந்தபின், மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கட்டணம் செலுத்தி எவரும் அந்தக் கணக்கைப் பார்வையிடலாம். உங்கள் ஊரில் நடந்த கூட்டத்தை நீங்கள் கண்ணால் கண்டவர். அந்தப் பஸ்களும் பந்தலும் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று சரிபார்க்க உங்களைவிடப் பொருத்தமானவர் யாருமில்லை.