வினையூக்கியின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளை அகச்சிவப்பு நிறமாலை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது? அதை நம்பலாமா?

என் அன்றாடப் பிழைப்பே இதுதான். முதல் கேள்விக்குப் பதில் சுலபம், இரண்டாவதில்தான் நான் நிறைய அடிபட்டிருக்கிறேன்.

கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். வாயுவாகத் திரியும்போது அதன் பிணைப்பு 2143 என்ற அலைஎண்ணில் அதிரும் (ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்று கணக்கு). ஒரு பிளாட்டினம் அணுவின் தலையில் நேராக உட்கார்ந்தால் 2070 பக்கம் இறங்கிவிடும். இரண்டு அணுக்களுக்கு நடுவே பாலம் போல உட்கார்ந்தால் 1850 பக்கம். உலோகம் தன் எலக்ட்ரானில் கொஞ்சத்தை மூலக்கூறின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டலுக்குள் (எலக்ட்ரான் புகுந்தால் பிணைப்பைத் தளர்த்தும் இடம்) தள்ளுவதால் கார்பன்–ஆக்சிஜன் பிடி தளர்ந்துபோகிறது. மூலக்கூறு தான் அதிரும் அலைஎண்ணிலேயே அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும், அந்த இடத்தில் நிறமாலையில் ஒரு முகடு எழும், அதுதான் பீக். ஆக, பீக் எங்கே வருகிறது என்று பார்த்தாலே ஆள் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். 1950களில் அமெரிக்காவில் டெக்சகோ நிறுவன ஆய்வகத்தில் ஐஷன்ஸும் கூட்டாளிகளும் சிலிக்கா பொடியில் தூவிய உலோகத்தை வைத்துத் தொடங்கிய வழி இது.

செய்முறை கொஞ்சம் சமையல் மாதிரி. 15 மில்லிகிராம் பொடியை அச்சில் அழுத்தி அப்பளம் போல ஒரு வில்லை செய்வோம். பக்கத்தில் யாராவது தும்மினால்கூட உடையும். அதைச் செல்லுக்குள் (ஒளி ஊடுருவும் மூடிய கலம்) நிறுத்தி, ஹைட்ரஜனில் சூடாக்கி, ஆறவைத்து, அப்புறம் வாயுவை விடுவோம்.

இப்போது நான் பட்ட அடி. ஒருமுறை 2034, 2013 என்று இரண்டு கூர்மையான பீக்குகள் வந்தன. புதிதாக எதையோ பிடித்துவிட்டேன் என்று மூன்று வாரம் குதித்துக்கொண்டிருந்தேன். ஆய்வகத்தில் மூத்த அக்கா ஒருவர், "வில்லையை எடுத்துட்டு வெறும் செல்லை ஓட்டிப் பார்த்தியா?" என்றார். ஓட்டினேன். இரண்டும் அப்படியே இருந்தன. எஃகு சிலிண்டரில் அழுத்தத்தோடு அடைபட்ட கார்பன் மோனாக்சைடு, இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று இரும்பு பென்டாகார்பனைல் என்ற ஆவியாகும் சேர்மமாகியிருந்தது. அது சூடான வினையூக்கி மேல் சிதைந்து இரும்பைப் படியவைக்கும் என்பதால், அந்த மூன்று வார சாம்பிள்கள் அத்தனையும் குப்பைக்கு. இப்போது அலுமினியச் சிலிண்டர்தான் வாங்குகிறோம்.

சரி, பீக் நிஜமாகவே மேற்பரப்பில் இருந்து வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதுதான் வினையை நடத்துகிறதா? பந்தியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படுவார், பரிமாறுபவர் ஓடிக்கொண்டே இருப்பார். வேகமாக வினைபுரியும் மூலக்கூறு மேற்பரப்பில் தங்குவதே இல்லை, அதனால் அதன் பீக் குட்டியாக இருக்கும், சிலசமயம் தெரியவே தெரியாது.

இதற்கு நான் நம்புவது ஐசோடோப்பு மாற்றத்தை, அதாவது அதே தனிமத்தின் கனமான அணுவை உள்ளே விட்டு அது எங்கே போகிறது என்று பார்ப்பதை. கார்பன் டை ஆக்சைடை ருத்தேனியம்–அலுமினா (அலுமினா பொடியில் தூவிய ருத்தேனியம் உலோகம்) மேல் மீத்தேனாக மாற்றிக்கொண்டிருந்தபோது 1590 அருகே ஃபார்மேட் (HCOO என்ற மூலக்கூறுத் துண்டு) பீக் மலைபோல நின்றது. கட்டுரை வரைவில் அதையே வினைவழியின் நடுவில் வரைந்துவிட்டேன். பிறகு வினை ஓடும்போதே வாயுவைக் கார்பன்-13 உள்ளதாக மாற்றினோம். மூலக்கூறுகளை நிறைப்படி பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் மீத்தேனின் நிறை சட்டென்று 16-லிருந்து 17-க்குத் தாவிவிட்டது. கனமான கார்பன் ஏறியிருந்தால் ஃபார்மேட் பீக் கீழே நகர்ந்திருக்கும், ஆனால் அது இருபது நிமிடம் கழித்தும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே. அலுமினா மேல் சும்மா உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். படத்தை அழித்து வரைந்தபோது அதை ஓரமாகத் தள்ளி, அம்புக்குறி எதுவும் போடாமல் விட்டேன்.