புல் கால் ஸ்ப்ரெட் போடும் முன் மொத்தச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

கால் என்பது ஸ்டிரைக் என்று குறித்த விலையில் வாங்கும் உரிமை, அதற்குக் கொடுக்கும் விலை பிரீமியம். தாழ்ந்த ஸ்டிரைக் காலை வாங்கி, உயர்ந்த ஸ்டிரைக் காலை விற்பதுதான் புல் கால் ஸ்ப்ரெட். ஆப்ஷன் செயினில், அதாவது எல்லா ஸ்டிரைக்கின் விலைப் பட்டியலில், இரண்டு விலையையும் பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, லாட்டால் (ஒரு ஒப்பந்தத்தின் எண்ணிக்கை) பெருக்கியிருப்பீர்கள். ஆர்டர் போட்டதும் கணக்கு இடித்திருக்கும். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

என் மனைவியின் தம்பியும் 2025 செப்டம்பரில் இதே கணக்கோடுதான் என் கடைக்கு வந்தான். மதியம், கடையில் ஆள் இல்லை. போனை நீட்டி, "மாமா, நிஃப்டி 24,800 கால் வாங்குறேன், 25,000 கால் விக்கிறேன். 141.50-ல 61.50 போனா சரியா 80. லாட் 75. ஆறாயிரம்தான், போட்டுடவா?" என்றான்.

"போடு மாப்ள. அந்த ரெண்டு விலையும் எப்ப நடந்த விலைன்னு மட்டும் சொல்லிட்டுப் போடு" என்றேன். முழித்தான்.

செயினில் பளிச்சென்று தெரிவது கடைசியாக வியாபாரமான விலை. இரண்டு ஸ்டிரைக்கிலும் ஒரே நொடியில் வியாபாரம் நடந்திருக்கும் என்று யார் சொன்னது? டெப்த்தை, அதாவது வாங்கவும் விற்கவும் இப்போது காத்திருக்கும் விலைகளின் பட்டியலை, திறக்கச் சொன்னேன். 24,800-ஐ விற்கிறவன் கேட்பது 142.20. 25,000-ஐ வாங்குகிறவன் கொடுப்பது 60.70. உடனே வேலை முடிய வேண்டுமென்றால் இந்த இரண்டு விலைக்கும்தான் நடக்கும். வித்தியாசம் 81.50. எழுபத்தைந்தால் பெருக்கினால் 6,112 ரூபாய் 50 காசு. இன்னும் ஆர்டரே போடவில்லை, 112 ரூபாய் 50 காசு கூடிவிட்டது.

அப்புறம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் மற்றதை எழுதினேன். புரோக்கரேஜ் ஆர்டருக்கு 20 வீதம் 40. விற்ற பிரீமியத்துக்கு எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், 4.55. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் இரண்டு பக்கமும் சேர்த்து 5.33. முத்திரைத் தீர்வை 32 காசு. சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் கட்டணம் ஒன்றிரண்டு காசு, அதை விடுங்கள். புரோக்கரேஜுக்கும் கட்டணங்களுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 8.16. உள்ளே போக ஏறக்குறைய 58 ரூபாய். வெளியே வரும்போது 24,800-ஐ விற்போம், அதன் பிரீமியம் பெரிது, எஸ்டிடியும் கூடும். போக வர 125 என்று வைத்தேன். லாட்டால் வகுத்தால் புள்ளிக் கணக்கில் 1.67. ஆக, 24,800-உடன் 81.50-ஐயும் இதையும் கூட்டினால், லாபமும் நஷ்டமும் இல்லாத பிரேக் ஈவன் 24,880 இல்லை, 24,883. வெளியே வரும்போதும் டெப்த்தில் இடைவெளி இருக்கும், அது இதில் சேரவில்லை.

நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று வரிவரியாகக் கேட்கிற நாம் இங்கே மட்டும் போர்டில் இருக்கும் ரேட்டை நம்பிவிடுகிறோம்.

"விலையை நாமே குறித்து லிமிட் ஆர்டர் போட்டு நடுவில் பிடிக்கலாமே" என்று யாராவது வருவீர்கள். பிடிக்கலாம், நானும் அப்படித்தான் போடுவேன். ஆனால் ஒரு பக்கம் மாட்டி மறுபக்கம் மாட்டாமல் நிற்கும்போது நிஃப்டி இருபது புள்ளி நகர்ந்தால், மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். திட்டமிடும்போது மோசமான விலையைப் போடுங்கள். நல்ல விலை கிடைத்தால் லாபம்.

இதைவிட முக்கியம் மார்ஜின், அதாவது பிணையாகப் பிடித்து வைக்கும் பணம். அதிகபட்ச நஷ்டம் ஆறாயிரத்துச் சொச்சம்தான், ஆனால் கணக்கில் அது மட்டும் இருந்தால் ஆர்டர் போகாது. விற்கும் பக்கத்துக்கு எக்ஸ்போஷர் மார்ஜின் என்று ஒப்பந்த மதிப்பில் 2 சதவீதம் பிடிப்பார்கள். 24,800-ஐ 75-ஆல் பெருக்கி 2 சதவீதம் பாருங்கள், 37,200. வாங்கும் ஆர்டரை முதலில் போடுங்கள். விற்பதை முதலில் போட்டால் ஹெட்ஜ் (ஈடுகட்டும் வாங்கிய பக்கம்) இல்லாத முழு மார்ஜின், லட்சக்கணக்கில் கேட்கும். ஆர்டர்களை ஒன்றாகப் போடும் பாஸ்கெட்டில் இரண்டையும் சேர்த்தால் கடைசி மார்ஜின் எவ்வளவு என்று அதுவே காட்டும்.

மேலே உள்ள விகிதங்களும் லாட்டும் அப்போதைய கணக்கு. அடிக்கடி மாறுகிறவை. எஸ்டிடியே 2024 அக்டோபருக்கு முன் 0.0625-தான். உங்கள் தேதிக்கு உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள், "தப்பு தப்பு" என்று என்னிடம் வராதீர்கள். எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) வரை வைத்தால் எஸ்டிடி மொத்தத்தையும் தின்றுவிடும் என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். அது முழு ஒப்பந்த மதிப்புக்கும் வரி போட்ட காலம். 2019 செப்டம்பரிலிருந்து உள்மதிப்புக்கு, அதாவது சந்தை விலைக்கும் ஸ்டிரைக்குக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, மட்டும்தான்.

தனிநபர்களில் 93 சதவீதம் பேர் எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) நஷ்டப்பட்டார்கள் என்ற 2024 செபி ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு: படித்திருக்கிறேன். கேட்டது செலவுக் கணக்கு, சொன்னதும் அதுதான். யாரையும் டிரேட் பண்ணச் சொல்லவில்லை.

காசு காசாக எழுதுகிறேன் என்று மச்சான் சிரித்தான். சிரிக்கட்டும். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் மாதாமாதம் பராமரிப்பு பில்லில் "இதர" என்று ஒரு வரி வருகிறது. அது என்ன என்று கேட்டால் செயலாளர், "உங்களுக்கு மட்டும்தான் சார் சந்தேகம்" என்கிறார். முப்பது வீட்டில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில்கூட 32 காசுக்குத் தனி வரி இருக்கிறது.

ஒன்று விட்டுவிட்டேன். இதே ஸ்ப்ரெட்டைத் தனிப் பங்கில் போடுவதாக இருந்தால் எக்ஸ்பைரிக்கு முன்பே வெளியே வந்துவிடுங்கள். அங்கே பணத்தில் இல்லை, பங்கையே கொடுத்து வாங்கும் டெலிவரி செட்டில்மென்ட். பங்கின் விலை உங்கள் இரண்டு ஸ்டிரைக்குக்கும் நடுவில் முடிந்தால், விற்ற கால் செல்லாமல் போகும், வாங்கிய காலுக்கு ஒரு லாட் பங்குக்கான முழுப் பணத்தையும் கட்ட வேண்டும்.